நிக்கல் ஃபோமும் ஹைட்ரஜனும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மின்வேதியியல் ஆய்வகத்தில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் மாணவர்களோடு ஒன்பது வருடமாக மல்லுக்கட்டுகிறேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, நிக்கல் ஃபோம் என்ற துளை நிறைந்த உலோகத்தை மின்முனையாக வைப்பதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு ஜனவரியிலும் முகங்கள் புதிதாக வரும், கேள்விகள் பழையவையாகவே இருக்கும். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

நுண்துளை உலோகம்னா என்ன சார்? தகட்டுல நிறைய ஓட்டை போடறதா?

ஓட்டை போட்ட தகடும் தூரத்துச் சொந்தம்தான். கம்பி வலை, உலோக நாரால் ஆன கம்பளித்துணி போன்ற ஃபெல்ட், பொடியை அழுத்திச் சுட்ட வில்லை என்று குடும்பம் பெரியது. ஆய்வகத்தில் அதிகம் புழங்குவது நிக்கல் ஃபோம். சாம்பல் நிறத்தில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தட்டையாக்கியது மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது.

ஏன் கனமில்லை என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஃபோம் 1.6 மி.மீ. தடிமன், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 350 கிராம். அந்த ஒரு சதுர மீட்டர் துண்டின் கன அளவு 1,600 கன செ.மீ. நிக்கலின் அடர்த்தி 8.9 என்பதால் 350 கிராம் நிக்கல் பிடிக்கும் இடம் 39 கன செ.மீ.தான். மிச்சம் 97.5 சதவீதம் வெற்றிடம். லென்ஸில் பார்த்தால் மெல்லிய கம்பிகளால் கட்டிய கூண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு அங்குல நீளத்தில் சுமார் 110 கூண்டு. எல்லாக் கூண்டுக்கும் வாசல் உண்டு. ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் காற்று வரும். நமக்கு வேண்டியது இந்த வாசல்தான், வெறும் துளை இல்லை.

தண்ணில கரண்ட் விட்டாலே ஹைட்ரஜன் வந்துடுமே. ரெண்டு பென்சில் கம்பி போதாதா?

வரும். 1800-லேயே நிக்கல்சனும் கார்லைலும் லண்டனில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது என்பதுதான் இன்றைய கேள்வி. தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பம் வாங்காமல் நடக்க 1.48 வேண்டும். நடைமுறையில் 1.8, 1.9, சில இடங்களில் 2 வோல்ட்டையும் தாண்டுகிறது.

இதை யூனிட்டாக மாற்ற ஒரே ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: 26.6. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட். 1.48 வோல்ட் என்றால் 39.4 யூனிட், 1.9 வோல்ட் என்றால் 50.5. ஆக, 0.1 வோல்ட் மிச்சம் பிடித்தால் கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். சில்லறை மாதிரித் தெரியும். 2023 ஜனவரியில் அறிவித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அந்த அளவில் இதே 0.1 வோல்ட், ஆண்டுக்கு 1,330 கோடி யூனிட். மின்முனையில் நாம் படும் பாடெல்லாம் இந்த 0.1, 0.2-க்காகத்தான். பென்சில் கம்பி இதில் எங்கேயும் வராது. ஆக்சிஜன் வரும் பக்கத்தில் கரி அரித்து, தண்ணீர் கறுத்துப் போகும்.

வினையூக்கி வேற, தாங்கி வேறயா? ஃபோம்தானே கேட்டலிஸ்ட்?

இரண்டும் வேறு, ஆனால் ஒட்டிப் பிறந்தவை. அவரைக் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ப்பது கொடிதான், பந்தல் காய்க்காது. ஆனால் பந்தல் இல்லாத கொடி தரையில் சுருண்டு, பத்து இலைக்கு வெயில் பட்டு மிச்சமெல்லாம் அழுகும். நிக்கல்–இரும்பு ஹைட்ராக்சைடு, நிக்கல்–மாலிப்டினம் போன்ற வினையூக்கிகள் கொடி. ஃபோம் பந்தல். இந்தப் பந்தலுக்குக் கூடுதலாக மூன்று வேலை உண்டு: மின்சாரத்தைக் கொண்டுவர வேண்டும், கரைசலை உள்ளே விட வேண்டும், வாயுவை வெளியே அனுப்ப வேண்டும்.

வினையூக்கியைப் பொடியாகச் செய்து, பசை கலந்து, ஒரு கண்ணாடிக்கரி (கண்ணாடி போல வழவழப்பான கரி) முனையில் சொட்டு விட்டுக் காயவைப்பதும் உண்டு. சின்ன மின்னோட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது சரி. ஓட்டத்தைக் கூட்டினால் குமிழி அடியிலிருந்து முட்டி அப்பளம் மாதிரிப் பெயர்த்துவிடும்.

இவ்வளவு பொடிப் பொடித் துளையோட இதை எப்படித்தான் செய்யறாங்க?

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். அங்கே மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உலோகம் ஊற்றுவார்கள். இங்கே மெழுகின் இடத்தில் இருப்பது மெத்தையில் போடும் பாலியூரித்தேன் ஃபோம். அதற்கு முதலில் மின்கடத்தும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, பிறகு நிக்கல் முலாம் பூசுகிறார்கள். நிக்கல் கார்பனைல் என்ற விஷ வாயுவிலிருந்து நிக்கலைப் படிய வைக்கும் வழியும் உண்டு. கடைசியில் சூளையில் வைத்து பிளாஸ்டிக்கை எரித்துவிட்டு, ஹைட்ரஜன் சூழலில் சுட்டால் ஃபோம் தயார்.

சிலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். உலோகம் இங்கே குழிக்குள் போவதில்லை, பிளாஸ்டிக் கம்பியின் மேல் படிகிறது. அதனால் எரித்த பிறகு ஒவ்வொரு கம்பியும் உள்ளே குழலாக இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முக்கோண வடிவத்தில் ஓட்டை தெரியும். "சாம்பிள் உடைஞ்சிருக்கு" என்று வருடத்துக்கு ஒருவராவது ஓடி வருவார். உடையவில்லை, அது பிறவி.

இவ்வளவு பெரிய தொழிலாக இது வளர்ந்தது ஹைட்ரஜனுக்காக இல்லை. நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்காக. நாம் அதில் ஓசிச் சவாரி செய்கிறோம்.

ஏன் எப்பப் பார்த்தாலும் நிக்கல்? செம்பு, இரும்பு, அலுமினியம்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?

காரத்தில் எது தாக்குப்பிடிக்கும் என்பதே முதல் சல்லடை. தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரில் இருப்பது 25 முதல் 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 70–90 டிகிரிச் சூட்டில். அலுமினியத்தை அதில் போட்டால் கரண்ட்டே இல்லாமல் பொங்கிக் கரையும். வருவது ஹைட்ரஜன்தான், ஆனால் அலுமினியத்தைத் தின்று வருகிறது. செம்பு ஹைட்ரஜன் பக்கத்தில் தாங்கும், ஆக்சிஜன் பக்கத்தில் ஆக்சைடாகிக் கெடும். இரும்பு மலிவு, ஹைட்ரஜன் பக்கத்தில் ஓடும்போது பிரச்சினையில்லை. கரண்டை நிறுத்தினால் துரு.

நிக்கல் காரத்தில் தன்மேல் மெல்லிய ஹைட்ராக்சைடு போர்வை போர்த்திக்கொள்ளும். ஆக்சிஜன் பக்கத்தில் அந்தப் போர்வை ஆக்சிஹைட்ராக்சைடாக மாறி மின்சாரத்தையும் கடத்தும். காப்பும் கடத்தலும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

அப்போ அமிலத்துல வேலை செய்யற எலக்ட்ரோலைசர்ல?

புரோட்டான் பரிமாற்றச் சவ்வு வகையைக் கேட்கிறீர்கள். அங்கே நிக்கல் கரைந்துவிடும். ஆக்சிஜன் பக்கத்தில் டைட்டானியம் ஃபெல்ட்டோ, பொடி சுட்ட டைட்டானிய வில்லையோதான் போடுவார்கள். அதுவும் ஆக்சைடு படிந்து மின்தடை ஏறாமலிருக்க மேலே பிளாட்டினம் பூச வேண்டும். வினையூக்கியாக இரிடியம். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது, பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து. எலக்ட்ரோலைசர் பற்றி இங்கே வரும் பாக்கி எல்லாப் பதிலும் காரத்தைப் பற்றியவை.

தம்பி ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குச் செய்யணுமாம். ஃபோம் துண்டு ஒண்ணு தர முடியுமா? உப்புத் தண்ணி போதும்தானே?

ஃபோம் தரலாம், உப்பு வேண்டாம். சாப்பாட்டு உப்புக் கரைசலில் ஒரு முனையில் குளோரின் வரும். எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டால் குரோமியம் கரைந்து மஞ்சள் தண்ணீர் வரும். அது விஷம். நீர்த்த சமையல் சோடாக் கரைசல், 9 வோல்ட் பேட்டரி, திறந்த பாத்திரம், பெரியவர் ஒருவர் பக்கத்தில். இது போதும். இரண்டு வாயுவையும் ஒரே புட்டியில் பிடித்து மூடி வைக்கக் கூடாது. ஃபோம் வெட்டும்போது உதிரும் நிக்கல் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. சிலருக்கு நிக்கல் பட்டாலே தோல் அரிக்கும், அதனால் கையுறை.

ஃபோமை அப்படியே போடக் கூடாதா? ஆசிட்ல எதுக்குக் கழுவறோம்?

கடையிலிருந்து வரும் ஃபோமில் கை எண்ணெயும், காற்றில் படிந்த நிக்கல் ஆக்சைடும் இருக்கும். அந்த ஆக்சைடின் மேல் வளரும் கொடி பந்தலைப் பிடிக்காது. அசிட்டோனில் பத்துப் பதினைந்து நிமிடம் அல்ட்ராசோனிக் (மீயொலியால் அதிரவைத்துக் கழுவுவது), பிறகு 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே அளவு நேரம், பிறகு தண்ணீர், எத்தனால், உலர்த்தல். இது எல்லோரும் செய்யும் வழி. அமிலம் லேசான பச்சையாக மாறும்போது எடுத்துவிடுங்கள். போனில் மூழ்கி ஒரு மணி நேரம் விட்டவர்களின் ஃபோம் இடுக்கியில் எடுக்கும்போதே நொறுங்கியிருக்கிறது. கம்பி குழல் என்று சொன்னேனே, சுவர் அவ்வளவு மெல்லியது. கழுவியதை அன்றே பயன்படுத்துங்கள். மறுநாள் என்றால் மறுபடி கழுவல்.

ரானே நிக்கலும் துளை உள்ள நிக்கல்தானாமே. அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அளவு வேறு. அமெரிக்கப் பொறியாளர் மர்ரே ரானே 1920-களில் கண்டுபிடித்த வழி இது: நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, பொடித்து, காரத்தில் போட்டால் அலுமினியம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சும் நிக்கல் எலும்பில் நானோமீட்டர் அளவுத் துளைகள். கிராமுக்கு 100 சதுர மீட்டர் அளவில் பரப்பு. அவர் அதைச் செய்தது எண்ணெய்களுக்கு ஹைட்ரஜனேற்றம் செய்ய. ஈரம் காய்ந்தால் தானே தீப்பற்றும். அதனால் தண்ணீருக்கடியில்தான் வைப்பார்கள்.

ஃபோமின் துளை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதன் மொத்தப் பரப்பு தட்டைத் தகட்டைப் போலத் தோராயமாகப் பத்து மடங்கு, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் பல பேர் முகம் வாடிவிடும். ஆனால் பத்து மடங்குக்கும் மதிப்பு உண்டு. வெறும் நிக்கலில் ஹைட்ரஜன் வருவதற்கு ஒவ்வொரு பத்து மடங்கு மின்னோட்டத்துக்கும் 0.12 வோல்ட் அளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பரப்பு பத்து மடங்கானால் அந்த 0.12 மிச்சம். 26.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய துளை போக்குவரத்துக்கு, குட்டித் துளை வினைக்கு. நல்ல மின்முனையில் இரண்டும் அடுக்கடுக்காக இருக்கும். வலையின் மேலோ ஃபோமின் மேலோ ரானே நிக்கல் பூசுவது இதற்காகத்தான்.

நான் 1 சதுர செ.மீ.தான் முக்கினேன். பக்கத்து டேபிள்ல அதே சாம்பிள் பாதி கரண்ட்தான் தருது. ஏன்?

ஃபோம் உறிஞ்சும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, முக்கிய இடத்துக்கு மேலேயும் கரைசல் ஏறிவிடும். நீங்கள் 1 என்று எழுதிய பரப்பு உண்மையில் 2 ஆகியிருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி பிரமாதமான எண்ணோடு வந்தார். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன். பல்லெல்லாம் பச்சைக் களிம்பு. கரைசல் கிளிப் வரை ஏறி, அதிலிருந்த செம்பு கரைந்து கீழே மின்முனையில் படிந்திருந்தது. அவர் இரண்டு வாரமாக அளந்தது யாருடைய வேலையை என்று இன்றுவரை தெரியாது.

முக்கும் கோட்டுக்கு மேலே ஒரு பட்டையை எபாக்சியால் அடைத்துவிடுங்கள். கிளிப் பிடிக்கும் இடத்தை நசுக்கித் தகடாக்கி, நிக்கல் கம்பியோ பட்டையோ வைத்துப் பிடியுங்கள். நசுக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 97 சதவீதம் காற்றாக இருப்பது திட நிக்கலின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். 1 செ.மீ. அகலத்தில் 3 செ.மீ. நீளத்துக்கு ஃபோமையே கம்பியாக்கி 1 ஆம்பியர் விட்டால் 16 மில்லிவோல்ட் வழியிலேயே போய்விடும்.

துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லதுதானே? பரப்பு கூடுமே?

வாயுவை மறந்துவிட்டீர்கள். ஒரு ஆம்பியர் நிமிடத்துக்கு 7.6 மி.லி. ஹைட்ரஜன் தரும். 1 சதுர செ.மீ. ஃபோமின் மொத்தக் கன அளவே 0.16 மி.லி. அதாவது ஒரு நிமிடத்தில் தன்னைப்போல 47 மடங்கு வாயுவை அந்தத் துண்டு வெளியே தள்ள வேண்டும், அதே வாசல் வழியாகக் கரைசல் உள்ளே வரவும் வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி. வாசலைச் சின்னதாக்கினால் உள்ளே வாயு தேங்கும். தேங்கிய இடத்தில் கரைசல் இல்லை, கரைசல் இல்லாத இடத்தில் வினை இல்லை. காகிதத்தில் இருக்கும் பரப்பு தண்ணீருக்குள் இருக்காது.

தடிமனைக் கூட்டுவதும் இதே கதை. ஓட்டம் கூடக் கூட, எதிர்முனையைப் பார்த்திருக்கும் முன்பக்க அடுக்குகளே வேலையை எடுத்துக்கொள்ளும், பின்பக்கம் சும்மா நிற்கும்.

குமிழி எவ்வளவு பெரிதான பிறகு கழல்கிறது என்பதும் முக்கியம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். இங்கே அதைத் தலைகீழாக்க வேண்டும். தண்ணீர் நன்றாக ஒட்ட வேண்டும், தண்ணீருக்குள் காற்று ஒட்டக் கூடாது. நிக்கல் கம்பியின் மேல் நானோ இதழ்களாக ஹைட்ராக்சைடை வளர்த்தால் குமிழி ஊசிமுனை அளவிலேயே கழன்றுவிடுகிறது. வெறும் தகட்டில் பெரிய குமிழிகள் தொங்கிக்கொண்டிருப்பதையும், இதழ் வளர்த்த ஃபோமில் பால் மாதிரி வெண்புகை எழுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பாருங்கள். வளைகோட்டைவிட அது நன்றாகப் பேசும்.

எக்ஸ்.ஆர்.டி.யில வெறும் நிக்கல்தான் வருது. வினையூக்கி வளரவே இல்லையா?

வளர்ந்திருக்கும். எக்ஸ்.ஆர்.டி. என்பது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை. அதில் 44.5, 51.8, 76.4 டிகிரியில் ஃபோமின் மூன்று சிகரங்கள் ஓங்கி நின்று மற்றதை அமுக்கிவிடும். ஒரு துண்டை எத்தனாலில் அல்ட்ராசோனிக் செய்து உதிரும் பொடியை அளந்து பாருங்கள். எடையிலும் இதே ஏமாற்று உண்டு. 1 சதுர செ.மீ. ஃபோம் 35 மி.கி., அதன்மேல் வினையூக்கி ஒன்றிரண்டு மி.கி. வினையூக்கியை வளர்க்கும் அழுத்தக் கலமான ஆட்டோகிளேவில் ஃபோமே கொஞ்சம் கரைந்து வினையூக்கிக்கு நிக்கல் கொடுத்திருக்கும். முன் எடை, பின் எடை கழித்தால் வருவதை நம்பி "கிராமுக்கு இவ்வளவு ஆம்பியர்" என்று எழுத வேண்டாம்.

எங்க ஃபோம் 10 மில்லிஆம்பியர்ல பிளாட்டினத்தையே தோக்கடிச்சிடுச்சு. பேப்பர் போடலாமா?

முதலில் அந்த 10 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சூரிய ஒளியைக்கொண்டு நேரடியாகத் தண்ணீரைப் பிரிப்பவர்கள் வைத்த அளவு அது. சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட் வெயில். 10 மில்லிஆம்பியரை 1.23 வோல்ட்டால் பெருக்கினால் 12.3 மில்லிவாட், அதாவது 12 சதவீதச் செயல்திறன். அவர்களுக்கு அது நியாயமான இலக்கு. கார எலக்ட்ரோலைசர் ஓடுவது 200, 400 மில்லிஆம்பியரில், புதியவை அதற்கும் மேலே. 10-ல் குமிழித் தொல்லையே தொடங்காது.

அடுத்து, யாரோடு ஒப்பிட்டீர்கள்? தட்டைக் கரி முனையில் துளியூண்டு பிளாட்டினப் பொடி ஒரு பக்கம், பத்து மடங்கு பரப்புள்ள ஃபோமில் அடர்த்தியாக வளர்த்தது மறுபக்கம். இரண்டையும் "சதுர செ.மீ.க்கு" என்று எழுதினால் ஃபோம் ஜெயிக்காமல் என்ன செய்யும்? பிளாட்டினப் பொடியையும் அதே ஃபோமில் பூசி அளந்துவிட்டு வாருங்கள். எதிர்முனையில் பிளாட்டினக் கம்பி போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது மெல்லக் கரைந்து உங்கள் மின்முனையில் வந்து உட்காரும். "நூறு மணி நேரத்தில் செயல்திறன் கூடியது" என்று மகிழ்வதில் பாதி இந்த வகை.

ஆக்சிஜன் பக்கத்தில் வேறொரு பொறி. 1.35–1.45 வோல்ட்டில் நிக்கல் தானே ஆக்சிஜனேற்றம் அடையும். ஃபோமில் நிக்கல் நிறைய என்பதால் அந்தச் சிகரம் மட்டுமே 10 மில்லிஆம்பியரைத் தாண்டும். ஒரு குமிழி ஆக்சிஜன்கூட வராமல் "சாதனை" எழுதிவிடலாம். மின்னழுத்தத்தை மேலிருந்து கீழே இறக்கியபடி அளக்கலாம், ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் நிலைப்படும்வரை நிறுத்தி அளக்கலாம், அல்லது வாயுவைப் பிடித்து அளக்கலாம். நான் கேட்பது மூன்றாவது.

ஒண்ணுமே பூசாத ஃபோமை ரெண்டு நாள் ஓட விட்டேன். தானா நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. மேஜிக்கா?

இரும்பு. சாதாரணப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பத்து லட்சத்தில் சில பங்கு இரும்பு எப்போதும் இருக்கும். ஆக்சிஜன் பக்கத்து நிக்கல் ஹைட்ராக்சைடு அதைத் தேடிப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். இரும்பு சேர்ந்ததும் ஆக்சிஜன் வருவது பல மடங்கு எளிதாகிறது. மின்வேதியியலாளர் டென்னிஸ் காரிகன் 1987-லேயே இதை வெளியிட்டார். இரும்பே இல்லாத கரைசலில் சுத்தமான நிக்கல் ஹைட்ராக்சைடு சோப்ளாங்கிதான் என்பது 2014-வாக்கில் எல்லோருக்கும் உறைத்தது. அதற்கு முன் நிக்கலின் பெருமை என்று எழுதியதில் நிறைய, இரும்பின் பெருமை.

ஆகவே வெறும் ஃபோமை உங்கள் சாம்பிள் ஓடும் அதே கரைசலில், அதே நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். காரம் கண்ணாடியையும் அரிக்கும், நீண்ட சோதனைக்கு பிளாஸ்டிக் பாத்திரம். சல்ஃபைடு, பாஸ்ஃபைடு என்று வளர்த்ததெல்லாம் இந்தப் பக்கத்தில் சீக்கிரமே மேல்தோல் உரிந்து ஆக்சிஹைட்ராக்சைடாகிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

உலகத்துல பெரும்பாலான ஹைட்ரஜன் மீத்தேன்லேர்ந்துதானே வருது. அங்கேயும் ஃபோம் உதவுமா?

ஆமாம், 2023-ல் உலகம் பயன்படுத்திய 9.7 கோடி டன்னில் குறைந்த உமிழ்வு வகை ஒரு சதவீதம்கூட இல்லை. மீத்தேனையும் நீராவியையும் 800–900 டிகிரியில் நிக்கல் வினையூக்கியின் மேல் விடுகிறார்கள். மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும் வினை. பத்து மீட்டருக்கு மேல் நீளமான குழாய்க்குள் பீங்கான் வில்லைகளைக் கொட்டி, வெளியே அடுப்பெரிக்கிறார்கள். வில்லைகள் ஒன்றையொன்று புள்ளியில்தான் தொடுகின்றன. சுவர் கொதிக்கும், நடு ஆறிக் கிடக்கும். தொடர்ச்சியான உலோக எலும்பு இருந்தால் சூடு நடு வரை போகும் என்பதே ஃபோமின் வாக்குறுதி.

இங்கே கணக்கு தலைகீழ். 97.5 சதவீதக் காற்று இங்கே குறை. மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத எலும்பு வெப்பத்தையும் நன்றாகக் கடத்தாது. கம்பி தடிப்பாக வேண்டும், குழாய்ச் சுவரோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், இல்லையென்றால் சூடு அந்த இடுக்கிலேயே நின்றுவிடும். பொருளும் வேறு: இரும்பு, குரோமியம், கொஞ்சம் அலுமினியம் சேர்ந்த கலப்பு. அதைக் காற்றில் 900–1,000 டிகிரியில் வைத்தால் உள்ளிருக்கும் அலுமினியம் மேலே வந்து அலுமினாத் தோலாகும். அந்தத் தோலின் மேல்தான் வினையூக்கிப் பூச்சு பிடிக்கும். மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது 250–300 டிகிரி வேலை. அங்கே செம்பு ஃபோம் போதும்.

இவ்வளவு நல்லதுன்னா கம்பெனிக்காரங்க எல்லாரும் ஃபோம்தானே போடுவாங்க?

போடுவதில்லை, பெரும்பாலும். நார்வேயின் வெமார்க்கில் 1920-களின் இறுதியிலும், பக்ரா அணையின் மின்சாரத்தில் நங்கல் உர ஆலையில் 1960-களின் தொடக்கத்திலும் தண்ணீரைப் பிரித்துப் பெரிய அளவில் ஹைட்ரஜன் எடுத்தார்கள். ஃபோம் என்ற சரக்கே அப்போது சந்தையில் இல்லை. இன்றும் கார எலக்ட்ரோலைசரில் அதிகம் இருப்பது நிக்கல் வலையும், கீறி இழுத்த தகடும், அவற்றின் மேல் பூச்சும்தான். வலை இறுக்கத்தைத் தாங்கும், வாயு நேராகப் பின்பக்கம் ஓடிவிடும். ஃபோம் அழுத்தினால் அமுங்கும், வெட்டிய ஓரத்துக் கம்பிகள் நடுவிலிருக்கும் சவ்வைக் குத்தும்.

எதிர்மின் அயனிப் பரிமாற்றச் சவ்வை வைத்து வரும் புதிய வகையில் ஃபோமுக்கு இடம் இருக்கிறது. சவ்வை ஒட்டி மெத்தை மாதிரி உட்கார்ந்து மின்சாரத்தைப் பரப்ப அது வசதி. என்னைக் கேட்டால், ஆய்வகத்தில் ஃபோம் இவ்வளவு பிரபலமானதற்குப் பாதிக் காரணம் அது நல்ல எண் தருவது. மீதிக் காரணம் மலிவு. நான் இப்போது மாணவர்களை வலையிலும் ஒரு சாம்பிள் செய்யச் சொல்கிறேன். எண் குறையும், முகம் சுளிப்பார்கள்.

நூறு மணி நேரம் நேர்கோடா ஓடிச்சு. சோலார்ல மாட்டினா அப்படியே ஓடும்தானே?

சோலார் சாயங்காலம் நின்றுவிடும். அதுதான் தொல்லை. கரண்ட் போன நொடியில் ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் ஆக்சிஹைட்ராக்சைடு. கிட்டத்தட்ட சார்ஜ் ஏறிய பேட்டரி. நிக்கல்–ஹைட்ரஜன் பேட்டரி என்று விண்வெளிக் கலங்களில் வைத்தது இதே ஜோடிதான். சோதனையை நிறுத்தியதும் மீட்டரைப் பாருங்கள், 1.3 வோல்ட் அளவில் காட்டிவிட்டு மெல்ல இறங்கும். பல அறைகளை வரிசையாகச் சேர்த்த பெரிய எலக்ட்ரோலைசர் அடுக்கில் எல்லா அறைகளுக்கும் கரைசல் பொதுக் குழாயில் போவதால் மின்சாரம் அந்த வழியாகத் திரும்பி ஓடும். ஹைட்ரஜன் பக்கத்து நிக்கல் ஒவ்வொரு ராத்திரியும் ஆக்சிஜனேற்றம் அடையும், காலையில் மறுபடி ஒடுக்கப்படும். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கிப் பூச்சு விரிசல் விடும். ரானே வகை மின்முனைகள் இதில்தான் சீக்கிரம் கெடுகின்றன. நிறுத்தும்போதும் சிறு மின்னோட்டத்தை விட்டுவைப்பது ஒரு பரிகாரம்.

ஆகையால் நூறு மணி நேரத் தொடர் ஓட்டத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டம், பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தம் என்று பத்து நாள் வையுங்கள். நிறுத்தும்போது இரண்டு முனையையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள், ராத்திரி அடுக்குக்குள் நடப்பது அப்போதுதான் உங்கள் பாத்திரத்திலும் நடக்கும். போன வருடம் நேர்கோட்டோடு வந்த ஒருவரிடம் இதைச் செய்யச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் பாத்திரத்தின் அடியில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. மேலே ஃபோம் பளபளவென்று, கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி.